மீதி இறங்கும்போது

ஜூன் 3, செவ்வாய்

சண்டை போட ஆளில்லாமல் போனதால் எழுத ஆரம்பிக்கிறேன். மளிகைக்கடையில் வருஷப் பிறப்புக்குக் கொடுத்த டைரி. அட்டையில் முருகன் படம் இருந்ததால் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன். பாதி வருஷம் எழுதாமலே போயிற்று. பரவாயில்லை.

இவருக்குப் பங்குனியில் ஒருநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே வலது பக்கம் விழுந்துவிட்டது. பக்கவாதம். ஆஸ்பத்திரியில் கிடந்து, வீட்டுக்கு வந்து, இப்போது ஹாலில் டிவிக்கு எதிரே கட்டில். வலது கையும் வலது காலும் விருந்தாளி மாதிரி கூடவே இருக்கின்றன. ஒரு வேலையும் செய்வதில்லை. பேச்சும் போய்விட்டது. கோவில்பட்டிக்கும் விளாத்திகுளத்துக்கும் நடுவே முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து தொண்டை கிழியக் கத்திய மனுஷர். இப்போது கண்ணால்தான் எல்லாம். டிக்கெட் எடுக்காதவனைத் தேடுகிற மாதிரி நாள் முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நேற்று முதல் சொல் வந்தது. மாடியில் இவருடைய விரிப்புகளைக் காயப் போட்டுவிட்டு இறங்கி வந்தேன். மூச்சு வாங்கியது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்று, வேர்வையைத் துடைத்துவிட்டுக் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்தேன். முதல் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனால், வாங்கவில்லை. முறைத்துப் பார்த்தார். உதட்டைக் குவித்தார்.

"போ" என்றார்.

பேச்சு வந்துவிட்டது என்று சந்தோஷப்படுவதா, வந்த பேச்சைக் கேட்டு அழுவதா? கல்யாணம் ஆகி முப்பத்து நாலு வருஷம். பேசியதெல்லாம் மறந்துபோய், 'போடி அங்க' என்று விரட்டியதில் பாதி மட்டும் மிச்சம் இருக்கிறது. அதுவும் மூத்திரத் துணி துவைத்துவிட்டு வந்தவளுக்கு.

கஞ்சியை மட்டும் முழுசாக ஊட்டிவிட்டேன். கோபத்தைக் கஞ்சியில் காட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை.

ஜூன் 5, வியாழன்

இவர் தங்கை பேச்சியம்மாள் வந்திருந்தாள். நான் கொல்லையிலிருந்து தண்ணீர் வாளியோடு உள்ளே வந்து, நடுவழியில் வாளியை இறக்கி வைத்து நின்றேன். இவர் உடனே "போ" என்றார்.

பேச்சி வாயைப் பொத்திக்கொண்டாள். "மதினி, அண்ணன் சொல்லிக்கிடுதாரு. போறேன், போறேன்னு நமக்குச் சொல்லுதாரு மதினி."

"வாயக் கழுவு" என்றேன். "என்னைப் போகச் சொல்லுதாரு. உங்க அண்ணனுக்கு என் மூஞ்சியப் பாத்தா எரியுது, அவ்வளவுதான்."

"இல்ல மதினி, எங்க மாமனாரும் இப்படித்தான்..."

சாத்துக்குடி கொண்டுவந்தவள் ஒப்பாரியையும் கூடவே கொண்டுவந்துவிட்டாள். சாத்துக்குடியை வாங்கி வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்பினேன்.

ஆனாலும் அவள் போன பிறகு சாமி படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஜூன் 6, வெள்ளி

பிசியோதெரபிப் பெண் பெனிட்டா வந்தாள். கை காலுக்கும் பயிற்சி கொடுக்கிறாள், பேச்சுக்கும் ஏதோ சொல்லிக் கொடுக்கிறாள். தூத்துக்குடிப் பெண். சிரித்த முகம், இரும்புக் கை. அவளிடம் கேட்டேன்.

"அது பழக்கத்துல வர்ற சொல்லு ஆன்ட்டி. அங்கிள் கண்டக்டர்ல? 'போலாம் ரைட்'டுன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பாரு. அதுல ஒரு துண்டு ஒடைஞ்சு வருது. மனசுல வேற நெனச்சாலும் வாயில இதுதான் வரும்."

ஆக, நான் சொன்னால் விரட்டுகிறார், பேச்சி சொன்னால் விடைபெறுகிறார், இவள் சொன்னால் பஸ் ஓட்டுகிறார். மூன்று பேர் மூன்று அர்த்தம் சொல்கிறோம். சொன்ன ஆள் மட்டும் சும்மா படுத்திருக்கிறார்.

ஒன்று எழுதி வைக்கிறேன். பெனிட்டாவிடம் இவர் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. பால்காரரிடம் சொல்வதில்லை. என்னிடம் மட்டும்தான். அதிலிருந்தே தெரியவில்லையா?

ஜூன் 8, ஞாயிறு

எங்கள் பக்கம் வாசலில் நின்று யாரும் 'போறேன்' என்று சொல்ல மாட்டார்கள். 'வாரேன்' என்றுதான் சொல்வார்கள். அனுப்பி வைக்கிறவர்களும் 'போயிட்டு வாங்க' என்று முழுசாகச் சொல்ல வேண்டும். பாதியில் நிறுத்தினால் அது வேறு பேச்சு.

இந்துமதி கைக்குழந்தையாக இருந்தபோது ஒருநாள் பெரிய சண்டை. என்ன சண்டை என்று மறந்துவிட்டது, இவர் மேல்தான் தப்பு என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. காலை டியூட்டிக்குக் கிளம்பி, "வாரேன்" என்றார். நான் "போங்க" என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை. தெருமுனை வரை போனவர் திரும்பி வந்துவிட்டார். காக்கிச் சட்டையும் தோல்பையுமாக வாசல்படிக்குக் கீழே நின்று கையை நீட்டினார்.

"மீதி?" என்றார்.

ஊரெல்லாம் கண்டக்டரிடம் மீதி கேட்கும். கண்டக்டர் மீதி கேட்டு நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். யாராவது சில்லறை கேட்டால் இவர் சொல்வது, "மீதி எறங்கும்போது வாங்கிக்கோ." வீட்டிலும் அதேதான். சேலை கேட்டாலும், சினிமாவுக்குக் கூட்டிப்போகச் சொன்னாலும், "எறங்கும்போது வாங்கிக்கோ." அப்படிப்பட்டவர் ஒரு சொல்லுக்காக வாசலில் நிற்கிறார், பஸ் கிளம்ப நேரமாகிறது, நகர மாட்டேன் என்கிறார்.

"வாங்க" என்றேன். சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்ட மாதிரி தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

எதற்கு இதை எழுதினேன்? இன்றைக்கும் இரண்டு தடவை "போ" வந்தது. மீதி வரவில்லை.

ஜூன் 11, புதன்

இடது தோள்பட்டையில் வலி. எண்பது கிலோ ஆளைப் புரட்டினால் வலிக்காமல் என்ன செய்யும். தைலம் தேய்த்தேன்.

ஜூன் 14, சனி

இன்றைக்கு உயிர் போய் உயிர் வந்தது.

நான் குளித்துவிட்டு வருகிற நேரத்துக்குள் பேச்சி பாசத்தில் அண்ணனுக்குக் காபி கொடுத்திருக்கிறாள். தலையை உயர்த்தாமல், படுத்த வாக்கில், தண்ணி மாதிரிக் காபி. இவருக்கு எதையும் குழைவாகத்தான் கொடுக்க வேண்டும். கட்டிலைச் சாய்த்து உட்கார வைத்து, தாடையைக் கீழே இறக்கி, ஒரு கரண்டி உள்ளே போய்விட்டதா என்று தொண்டையைப் பார்த்து, அப்புறம்தான் அடுத்த கரண்டி. இல்லாவிட்டால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்.

சத்தம் கேட்டு ஓடி வந்தேன். முகம் நீலமாகிக் கொண்டிருந்தது. பேச்சி டம்ளரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இவரை நானே தூக்கி நிமிர்த்தி, முன்னால் சாய்த்து, முதுகில் தட்டினேன். காபியெல்லாம் மூக்கு வழியாக வந்தது. அப்புறம் ஒரு பெரிய இருமல், மூச்சு. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சில் ஒரு பாரம், இறங்க வெகு நேரமாயிற்று. பயம்தான்.

"எனக்குத் தெரியாது மதினி" என்று பேச்சி அழுதாள்.

"தெரியாதுன்னா தொடாத" என்றேன். கடுமையாகத்தான் சொன்னேன். இனி இந்தக் கட்டிலை விட்டு நான் எங்கேயும் போவதாக இல்லை. நான் இல்லாமல் இவர் ஒருவேளைக் கஞ்சி குடித்துப் பிழைக்க மாட்டார்.

தரையில் இருந்த என்னைப் பார்த்து இவர் மறுபடியும் அதையே சொன்னார். இருமலுக்கு நடுவே. காப்பாற்றியவளுக்குக் கிடைத்த பரிசு.

ஜூன் 15, ஞாயிறு

ஓசூரிலிருந்து இந்துமதி போன்.

"அப்பாவுக்கு எப்படி இருக்கு?"

சொன்னேன்.

"நீ எப்படிம்மா இருக்க? குரலே சரியில்லையே."

"எனக்கென்ன, கல்லுக்குண்டு மாதிரி இருக்கேன். பல்லுதான் கொஞ்சம் வலி."

"டாக்டர்ட்ட போகலாம்ல?"

"உங்க அப்பாவ யாரு பாக்க? பேச்சி அத்தையா?"

நான் பேச்சை வளர்க்கவில்லை. அவளுக்கு வேலை, சின்னப் பிள்ளை. அங்கிருந்து கவலைப்பட்டு என்ன செய்யப் போகிறாள்.

ஜூன் 17, செவ்வாய்

பல் வலி இடது தாடை பூராவும். எந்தப் பல் என்றுதான் பிடிபடவில்லை. மாடிக்கு ஏறினால் வருகிறது, இறங்கி உட்கார்ந்தால் போகிறது. படி ஏறினால் வலிக்கிற பல்லை இப்போதுதான் பார்க்கிறேன். கிராம்புத் தைலம் வைத்தேன்.

ஜூன் 18, புதன்

பெனிட்டா இன்று 'வா' சொல்லிக் கொடுத்தாள். கண்ணாடியை இவர் முகத்துக்கு நேரே பிடித்து, "மேல் பல்லு கீழ் உதட்டுல பட்டும் படாம இருக்கணும் அங்கிள். வ்வ்... வா. அவங்கள வரச் சொல்லுங்க பாப்போம்."

நான் சமையலறை வாசலில் நின்றேன். கூப்பிட்டால் வரலாம் என்று. இவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். உதடு நடுங்கியது. காற்றுதான் வந்தது. அப்புறம் பழையபடி, "போ."

"பரவால்ல, நாளைக்குப் பாக்கலாம்" என்றாள் பெனிட்டா.

"விடும்மா. முப்பத்து நாலு வருஷமா வராதது நாளைக்கா வரப்போகுது" என்றேன். சிரிக்கத்தான் சொன்னேன். அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

ஜூன் 21, சனி

புதுப் பிடிவாதம். கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னல் கம்பியில் இவருடைய ஆஸ்பத்திரிக் கட்டைப்பை தொங்குகிறது. ஜவுளிக்கடைப் பை. ஸ்கேன் படம், சீட்டு, ஃபைல் எல்லாம் அதில்தான். எந்த ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாலும் முதலில் அதைத்தான் எடுப்பேன். நான் சாப்பிட உட்கார்ந்தால் இடது கையால் அதை இழுக்கிறார். நெஞ்சைத் தடவிக்கொண்டு சோடா குடித்தால் இழுக்கிறார். இழுத்துவிட்டு என்னைப் பார்க்கிறார்.

"இன்னும் எதுக்கு? அதுல உங்க மண்டைப் படம்தான் இருக்கு, பாத்து என்ன செய்யப் போறீக? அடுத்த மாசம்தான் செக்கப்பு" என்றேன்.

பையைக் கொண்டுபோய் அலமாரி மேல் வைத்தேன். பொழுது சாயும் வரை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கஞ்சி வேண்டாம். ஒற்றைக்காலில் நிற்பது என்பார்கள், இவர் ஒற்றைக்கையால் நிற்கிறார். கடைசியில் நான்தான் இறங்கி வந்தேன். பை திரும்பவும் ஜன்னலுக்குப் போனது. கஞ்சி உள்ளே போனது.

ஜூன் 24, செவ்வாய்

இனி கடலைப்பருப்பு சேர்க்கக் கூடாது. ஒரே வாயு.

ஜூன் 25, புதன்

பருப்பே சேர்க்கவில்லை. இன்றும் அப்படியேதான். மருந்துக்கடையில் ரோஸ் கலர் வாயு மருந்து வாங்கினேன்.

ஜூன் 27, வெள்ளி

எழுத வேண்டாம் என்று பார்த்தேன். எழுதாவிட்டால் தூக்கம் வராது.

மத்தியானம் இவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகுக்குப் பவுடர் போட்டேன். படுக்கைப்புண் வந்துவிடக் கூடாது என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிறேன். திருப்பும்போது நெஞ்சுக்குழியில் அந்த வாயு. அப்படியே மேலே ஏறித் தாடைக்கும், தோளிலிருந்து இடது கைக்கும் ஓடியது. கண் இருட்டியது. இவரை விட்டுவிட்டால் உருண்டு விழுந்துவிடுவார். பல்லைக் கடித்துக்கொண்டு தலையணையை அண்டக் கொடுத்துவிட்டு, கட்டில் காலைப் பிடித்துத் தரையில் உட்கார்ந்தேன். ரவிக்கை தொப்பலாக நனைந்துவிட்டது. இத்தனைக்கும் ஃபேன் ஓடுகிறது.

மேலே இருந்து சத்தம். இடது கையால் கட்டில் கம்பியை அடிக்கிறார். "போ! போ! போ!"

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "எங்க போகச் சொல்லுதீக?" என்று கத்தினேன். "எங்க போவேன் நான்? எங்க அம்மா வீட்டுக்கா? அங்க யாரு இருக்கா? நான் போனா உங்களுக்கு யாரு குண்டி கழுவி விடுவா?"

அடிப்பதை நிறுத்தினார். முகம் என் பக்கம் இருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் மூக்கைத் தாண்டித் தலையணையில் இறங்கியது. இடது கை கம்பியிலேயே இருந்தது. துடைக்க வலது கை வராது அவருக்கு.

நானும் அழுதேன். பிறகு எழுந்து துடைத்துவிட்டேன். என் கை சில்லென்று இருந்திருக்க வேண்டும். அந்தக் கையை இடது கையால் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பால் பொங்கிவிட்டது.

செவ்வாய்க்கிழமை பெனிட்டா வருவாள். அவளிடம் வாயுவுக்கு நல்ல மருந்து இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

ஜூலை 4, வெள்ளி. திருநெல்வேலி

ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். இந்த முறை நோயாளி நான். இந்துமதி ஊரிலிருந்து வந்து, அப்பாவைப் பார்த்துவிட்டு இங்கே வந்திருக்கிறாள். டைரியைக் கேட்டு வாங்கினேன். அதிகம் எழுதக் கூடாது என்கிறாள். ஆனாலும் செவ்வாய்க்கிழமை நடந்ததை இப்போதே எழுதிவிட வேண்டும்.

உலையில் அரிசி போட்டிருந்தேன். பெனிட்டா இவரைக் கட்டிலில் உட்கார வைத்து முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் பழைய விரிப்பை உருவினேன். வந்துவிட்டது. இந்தத் தடவை யாரோ அம்மிக்கல்லைத் தூக்கி நெஞ்சில் வைத்தது போல. பெனிட்டா என்னைப் பார்க்கவில்லை, அவளுக்கு முதுகு. நான் சத்தம் காட்டாமல் ஜன்னல் திண்டில் இருந்த ரோஸ் மருந்தை எடுத்து மூடியைத் திறந்தேன்.

இவர் இடது கையை வீசி அதைத் தட்டிவிட்டார். பாட்டில் சுவரில் பட்டுச் சிதறியது.

"அங்கிள்!" என்றாள் பெனிட்டா.

"பாத்தியாம்மா, மருந்து குடிக்கக்கூட விடமாட்டாரு" என்றேன். குரல் பாதிதான் வந்தது.

இவர் அதைக் கேட்கவில்லை. ஜன்னல் கம்பியில் இருந்த கட்டைப்பையை இழுத்தார். கைப்பிடி மாட்டிக்கொண்டது. மறுபடி இழுத்தார். பை மடியில் விழுந்தது. அதைத் தலைகீழாகக் கவிழ்த்தார். அவர் மண்டைப் படம், சீட்டு, ரத்தப் பரிசோதனைக் காகிதம், ஃபைல் எல்லாம் கட்டிலிலும் தரையிலும் கொட்டியது. ஒன்றையும் திரும்பிப் பார்க்கவில்லை. காலிப் பையை எடுத்து என் நெஞ்சில் வைத்து அழுத்தினார்.

"போ."

அவர் காகிதம் ஒன்றுகூட இல்லாத பை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. அடுப்பில் உலை கொதிக்கிற சத்தம் கேட்டது.

பெனிட்டா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "ஆன்ட்டி, ஐஸ் மாதிரி இருக்கு. எத்தனை நாளா இப்படி?"

"வாயும்மா. கடலைப்பருப்பு..."

"தோள்பட்டை வலிக்குதா?"

"அது இவரத் தூக்கித் தூக்கி."

"தாடை?"

"அது பல்லு."

நான் சொல்லச் சொல்ல அவள் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. போனை எடுத்து ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். "ஆன்ட்டி, இது எல்லாம் ஒண்ணுதான். பல்லும் இல்ல, வாயுவும் இல்ல. உக்காருங்க. ஒரு அடி நடக்கக் கூடாது." இவருடைய மாத்திரை டப்பாவிலேயே எதையோ தேடி எடுத்து, ஆம்புலன்ஸ்காரர்களிடம் போனில் கேட்டுவிட்டு, மென்று விழுங்கச் சொன்னாள். மென்றேன்.

"உலையில அரிசி கிடக்கு" என்றேன். "இவருக்குக் கஞ்சி... தலைய உசத்தி..."

"எனக்குத் தெரியும். பேச்சி அக்கா வர்ற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன். அவங்களுக்கும் சொல்லிக் குடுத்துட்டுத்தான் போவேன். போதுமா?"

எனக்குப் போதவில்லை. அன்றைக்குக் காபி மூக்கு வழியாக வந்த முகம்தான் கண் முன்னால் நின்றது. நான் போய் அவர் புரையேறிச் செத்தால்? நான் போகாமல் இங்கேயே செத்தால்? இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்தேன். இரண்டிலும் கடைசியில் அந்தக் கட்டிலில் அவர் தனியாகக் கிடக்கிறார்.

ஆம்புலன்ஸ் வந்தது. இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரில் படுக்கச் சொன்னார்கள், கட்டிலைத் தாண்டித் தூக்கினார்கள். வாசல்படிக்கு வந்ததும் நிலைக்காலைக் கையால் பிடித்துக்கொண்டேன்.

"கைய எடுங்கம்மா, நேரமில்ல" என்றார் ஒருவர்.

திரும்பிப் பார்த்தேன். இவர் பெனிட்டா மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாசலையே பார்த்தார்.

"போ" என்றார். மெதுவாக. விரட்டுகிற குரலே இல்லை. இத்தனை நாளும் அப்படித்தான் சொல்லியிருப்பாரோ என்னவோ.

"மீதி?" என்றேன்.

அவருக்குப் புரிந்தது. சத்தியமாகப் புரிந்தது. பெனிட்டா சொல்லிக் கொடுத்தபடி மேல் பல்லைக் கீழ் உதட்டில் வைத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. காற்று வந்தது. எச்சில் வந்தது. சொல் வரவில்லை. மறுபடியும் பல்லை வைத்தார். கண் பிதுங்கியது.

"அம்மா, கைய எடுங்க!"

அந்த மனுஷரை அதற்கு மேல் பாடாய்ப் படுத்த எனக்கு மனசு வரவில்லை. "இருக்கட்டும்" என்றேன். "மீதிய எறங்கும்போது வாங்கிக்கிடுதேன்."

கையை எடுத்தேன்.

ஜூலை 5, சனி

டாக்டர் சின்ன வயசு, கோபம் பெரிசு. நெஞ்சுக்குப் போகிற பெரிய குழாயில் அடைப்பாம். கம்பி வலை வைத்து விரித்துவிட்டிருக்கிறார். முதலில் கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் போட்ட ஊசியும், வந்து சேர்ந்த நேரமும்தான் காப்பாற்றியது என்றார்.

"எத்தனை வாரமா வலி?"

"வாயுன்னு நெனச்சேன்."

"இங்க வர்றவங்கள்ல முக்கால்வாசிப் பேரு அதத்தான் சொல்றாங்க. வீட்டுல யாரும் கவனிக்கலையா?"

"கவனிச்சாரு" என்றேன். "நான்தான் கேக்கல."

ஜூலை 6, ஞாயிறு

படுத்துக்கிடப்பது வேலை செய்வதைவிடக் கஷ்டம். நர்ஸ் பெண் என்னைப் 'பாட்டி' என்கிறது. ஐம்பத்தேழு வயசு எனக்கு. தலைக்கு மேலேயே இரண்டு பேர் நின்று, "இந்தம்மா மோஷன் போயிட்டாங்களா?" என்று பேசிக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் நான் சொல்ல மாட்டேனா? வாய் இருக்கிறதே எனக்கு. வாயிருக்கிற எனக்கே இப்படி.

இட்லி ஊட்டினாள் இந்துமதி. விழுங்குவதற்குள் அடுத்த துண்டை நீட்டினாள். "மெதுவாடி, தொண்டையப் பாத்துக் குடு" என்றேன். அப்பாவுக்கு ஊட்டுவதற்கும் சேர்த்துத்தான் சொன்னேன்.

சாயங்காலம் பேச்சி போன் பண்ணினாள். முதல் பேச்சே, "மதினி, இன்னைக்கும் புரையேறல." கட்டிலை எவ்வளவு சாய்க்கிறாள், கஞ்சி என்ன பதம், எந்தப் பக்கத்துக் கன்னத்தில் கரண்டி வைக்கிறாள் என்று ஒப்பிக்க ஆரம்பித்தாள். முழுசாகக் கேட்டேன். ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"என்ன சொல்லுதாரு?" என்றேன்.

"ஒண்ணுமே சொல்லல மதினி. அந்த 'போ'கூட இல்ல. வாசலையே பாத்துட்டு வாய என்னமோ பண்ணிக்கிட்டே இருக்காரு. பல்ல உதட்டுல வச்சு வச்சு, கீழ் உதடு புண்ணாப் போச்சு. எனக்குப் பயமா இருக்கு. டாக்டரக் கூப்பிடட்டா?"

"வேண்டாம்" என்றேன். "வெண்ணெய் தடவி விடு."

போனை வைத்துவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். நர்ஸ் வந்து, "ஏன் பாட்டி அழுறீங்க, வலிக்குதா?" என்று கேட்டது. வலிக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 9, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆட்டோ தெருவுக்குள் திரும்பும்போதே எங்கள் வாசலைத் தேடினேன். இந்துமதி கையைப் பிடித்து இறக்கினாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த காகிதமெல்லாம் அதே கட்டைப்பையில். பேச்சி ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றாள். சுற்றிக் கொட்டிவிட்டு, "உள்ள வாங்க மதினி" என்றாள்.

நான் நகரவில்லை.

"என்னம்மா, மயக்கமா வருதா?" என்றாள் இந்துமதி.

கதவு திறந்திருந்தது. ஹாலில் கட்டில். அவரைச் சாய்த்து உட்கார வைத்து, முடிக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தார்கள். இளைத்திருந்தார். உதட்டில் வெண்ணெய் பளபளத்தது. என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். ஆள் முழுசாக வந்திருக்கிறதா என்று செக்கிங் செய்கிற பார்வை.

வாசல்படிக்குக் கீழே நின்றபடியே கையை நீட்டினேன்.

"மீதி?" என்றேன்.

"என்ன மீதி? ஆட்டோவுக்கா? நான் குடுத்துட்டேம்மா" என்றாள் இந்துமதி. பேச்சி அவளை நோண்டிச் சும்மா இருக்கச் சொன்னாள்.

பல்லை உதட்டில் வைத்தார். காற்று வந்தது. நிறுத்தினார். மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி வைத்தார். வெயில் என் முதுகில் சுட்டது. விழுந்தாலும் விழுவேனே தவிர உள்ளே போக மாட்டேன் என்று நின்றேன். மூன்றாவது தடவையும் காற்றுதான். அவர் கண் என்னை விட்டு நகரவில்லை. நானும் கையை மடக்கவில்லை.

"வ்... வா."

கரகரவென்று, யாரோ சொல்வது போல ஒரு குரல். ஆனால் முழுசாக வந்தது.

வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.